இன்ஹெரிட்டன்ஸை அப்பா சொத்து என்று சொல்லித் தராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் இணைப்பில் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் பற்றி வந்த பாடத்தை என் மகள் கொண்டுவந்து காட்டினாள். கோவையில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அப்பாவின் சொத்து மகனுக்கு வருவதுபோல, ஒரு கிளாஸில் எழுதியதெல்லாம் அதன் கீழே வரும் கிளாஸுக்குத் தானாக வந்துவிடும், திரும்ப எழுத வேண்டியதில்லை" என்று இன்ஹெரிட்டன்ஸை விளக்கியிருந்தீர்கள். (கிளாஸ் என்பது ஒரு வகைப் பொருளுக்கு என்னென்ன விவரம், என்னென்ன வேலை என்று எழுதி வைக்கும் அச்சு, அந்த அச்சில் வார்த்து எடுக்கும் ஒவ்வொன்றும் ஆப்ஜெக்ட்.) ஒரு ஆப்ஜெக்டுக்குள் இன்னொன்றை வைத்துக்கொள்ளும் கம்போசிஷனுக்குக் கடைசியில் இரண்டே வரி, அதுவும் 'காருக்குள் இன்ஜின் இருப்பதுபோல' என்பதோடு சரி. இந்த இரண்டில் எதை எப்போது எடுப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் பத்தொன்பது வருடமாக பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக் கணக்கு, ஜாப் ஒர்க் கணக்கு போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். ஆரம்பத்தில் விஷுவல் பேசிக், அப்புறம் ஜாவா, இப்போதும் பெரும்பாலும் ஜாவாதான். என்னிடம் வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் ஈரோடு, கோபி, பெருந்துறை, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்கள். இன்ஹெரிட்டன்ஸ் என்றால் என்ன என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் அப்பா, மகன், சொத்து என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கேட்டதற்கு மூச்சு விடாமல் பதில் வருகிறது. ஆனால் ஒரு சின்ன கணக்கைக் கொடுத்து எழுதச் சொன்னால், இரண்டு கிளாஸில் ஒரே மாதிரி நாலு வரி கண்ணில் பட்டதும் உடனே ஒன்றை இன்னொன்றுக்கு மகனாக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் எழுதினேன், அதன் பலனை மற்றவர்கள் அனுபவித்தார்கள்.

2009-ல் ஒரு பவர் டேபிள் யூனிட்டுக்குக் கூலி மென்பொருள் எழுதினேன். பவர் டேபிள் என்பது வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் இடம், திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே இருக்கிற ஆட்களைப் பார்த்தேன். ஓவர்லாக் டெய்லர், பேட்லாக் டெய்லர், சிங்கர் டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஹெல்பர். முதல் மூன்று பேரும் வெவ்வேறு வகைத் தையல் மெஷினில் உட்காருகிறவர்கள். டெய்லர்களுக்கு பீஸ் ரேட் (தைத்த ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று), செக்கிங்கிற்கு ஷிப்ட் ரேட், மேனேஜருக்கு மாதச் சம்பளம். சரி என்று, மேலே 'தொழிலாளி' என்று ஒரு கிளாஸ், அதற்குக் கீழே 'டெய்லர்', 'செக்கிங்', 'அயர்னிங்', டெய்லருக்குக் கீழே மூன்று வகை டெய்லர் என்று ஒரு குடும்ப மரம் வரைந்தேன். ஓவர்லாக் டெய்லர் ஒரு டெய்லர், டெய்லர் ஒரு தொழிலாளி, படிக்கும்போது வாய்க்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். பாடப்புத்தகத்தில் சொல்லும் 'இது அதில் ஒரு வகையா' என்ற சோதனையில் நூற்றுக்கு நூறு. கம்பெனிக்காரரும் படத்தைப் பார்த்துவிட்டு நம்ம ஆட்கள் அப்படியே இருக்கிறார்கள் தம்பி என்று சந்தோஷப்பட்டார்.

மூன்றாவது மாதமே சிக்கல் வந்தது. ஷிப்மென்ட் அவசரம் என்றால் காலையில் ஓவர்லாக்கில் உட்கார்ந்தவரை மத்தியானத்துக்கு மேல் செக்கிங்கில் உட்கார வைப்பார்கள், எந்த யூனிட்டிலும் நடப்பதுதான். ஆனால் ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட் எந்த கிளாஸில் பிறந்ததோ கடைசிவரை அந்த கிளாஸ்தான். ஓவர்லாக் டெய்லராக உருவாக்கிய ஆளை மத்தியானம் செக்கிங் ஆளாக மாற்ற வழியே கிடையாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிள்ளை கிளாஸ் போடலாம் என்றால் ஜாவா ஒரு கிளாஸுக்கு ஒரு தாய் கிளாஸைத்தான் அனுமதிக்கும். சி பிளஸ் பிளஸ்ஸில் இரண்டை வைக்கலாம், ஆனால் அந்த இரண்டுமே தொழிலாளியிலிருந்து வந்தவை என்பதால் தொழிலாளியின் பெயரும் நம்பரும் உள்ளே இரண்டு பிரதியாக நிற்கும். அதைத் தவிர்க்க விர்ச்சுவல் இன்ஹெரிட்டன்ஸ் என்று தனியாக ஒன்று படிக்க வேண்டும், டைமண்ட் சிக்கல் என்று இதற்குப் பெயரே இருக்கிறது.

யூனிட் மேனேஜர் எனக்குப் போன் பண்ணவில்லை. அவருக்குத் தெரிந்த வழியில் சரி பண்ணிக்கொண்டார். அதே பெண்ணுக்கு இரண்டாவது ஐடி ஒன்று போட்டு, ஓவர்லாக் கணக்கு ஒரு நம்பரில், செக்கிங் கணக்கு இன்னொரு நம்பரில். சனிக்கிழமை சம்பளக் கவர் இரண்டாக வரும், கூட்டினால் சரியாக இருக்கும். அப்படியே எட்டு ஒன்பது மாதம் ஓடியது. தீபாவளி வந்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கம்பெனியில் வருகை நாட்களைப் பார்த்து போனஸ் விகிதம் வைத்திருந்தார்கள். வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் வந்த அந்த அம்மாவின் வருகை இரண்டு நம்பரில் பிரிந்து கிடந்ததால் இரண்டு இடத்திலும் பாதி வருடம் என்று காட்டி, கீழ் விகிதத்தில் விழுந்துவிட்டது. அன்றைக்கு நான் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். கையில் கவரை வைத்துக்கொண்டு என்னிடம்தான் வந்து கேட்டார். "ஏனுங்க தம்பி, நான் வருசம் பூராவும் வந்தனுங்களே, பாதி வருசம்னு எப்படிங்க வந்துச்சு?" பக்கத்தில் இன்னும் நாலு பேர் அதே மாதிரி கவரோடு நின்றார்கள். அன்று இரவு பதினொன்றரை வரைக்கும் உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டு மீதியைக் கொடுக்க வைத்தோம். கொடுத்தாகிவிட்டது என்றாலும் அந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

தப்பு எங்கே? ஓவர்லாக் என்பது அந்த அம்மா இன்றைக்குக் காலையில் செய்கிற வேலை. அவர் யார் என்பது அது அல்ல. 'ஓவர்லாக் டெய்லர் ஒரு தொழிலாளி' என்ற வாக்கியம் தமிழில் சரியாக இருக்கிறது என்பதால் அது கிளாஸ் மரத்திலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். ஒரு மனிதரோடு பிறந்ததிலிருந்து ஒட்டிக்கொண்டு மாறவே மாறாத ஒன்றுக்கும், அவர் போட்டுக் கழற்றுகிற ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த ஒரு வாக்கியச் சோதனை காட்டாது. மாறுகிற எதையும் கிளாஸ் மரத்தில் கிளையாக வைக்கக் கூடாது, இதைத்தான் முதல் பாடமாகச் சொல்ல வேண்டும்.

திருப்பி எழுதும்போது 'தொழிலாளி' என்று ஒரே ஒரு கிளாஸ். அதற்குப் பிள்ளைகளே இல்லை. அதற்குள் 'பணி' என்று ஒரு பட்டியல், ஒவ்வொரு பணிக்கும் எந்த நாள் எந்த நேரம் முதல் எதுவரை என்று தேதி. ஒவ்வொரு பணிக்குள்ளும் 'கூலி முறை' என்று ஒரு ஆப்ஜெக்ட். கூலி முறை என்பது ஒரு இன்டர்ஃபேஸ் மட்டும், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லி, எப்படி என்பதை மற்றவர்களுக்கு விட்டுவிடும் ஒப்பந்தம். அது கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வேலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல். பீஸ் ரேட் ஒரு விதமாகச் சொல்லும், ஷிப்ட் ரேட் ஒரு விதமாகச் சொல்லும், மாதச் சம்பளம் ஒரு விதமாகச் சொல்லும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு ஷிப்ட் ரேட்டையே எடுத்து மேலே ஒரு உறை போட்டது மாதிரி இன்னொன்று. காலையில் ஓவர்லாக், மத்தியானம் செக்கிங் என்றால் பட்டியலில் இரண்டு வரி, அவ்வளவுதான். ஆள் ஒருவர், நம்பர் ஒன்று, வருகை ஒன்று. இதுதான் கம்போசிஷன். காருக்குள் இன்ஜின் என்று சொன்னதில் தப்பில்லை, ஆனால் ஓடுகிற காரில் யாரும் மத்தியானம் இன்ஜினைக் கழற்றி வேறு மாட்டுவதில்லை என்பதால் அந்த உதாரணத்தில் இதன் பலம் பிள்ளைகளுக்குப் புரியாமல் போய்விடுகிறது.

கிளாஸ் எண்ணிக்கையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு வேலை வகை ஐந்து, கூலி முறை மூன்று, பிடித்தம் உண்டா இல்லையா என்று இரண்டு. எல்லாச் சேர்க்கையையும் மரமாக வளர்த்தால் 5 பெருக்கல் 3 பெருக்கல் 2, முப்பது கிளாஸ். தனித்தனித் துண்டாக வைத்துத் தேவைப்படும்போது சேர்த்துக்கொண்டால் 5 கூட்டல் 3 கூட்டல் 2, பத்து. நாளைக்கு ஒரு புதுக் கூலி முறை வந்தால் மரத்தில் பத்து கிளாஸ் கூடும், துண்டில் ஒன்று கூடும்.

பிடித்தம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 2019 ஜூலை 1 முதல் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) விகிதத்தைக் குறைத்தார்கள். தொழிலாளியிடம் பிடிப்பது 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆனது, முதலாளி கட்டுவது 4.75-லிருந்து 3.25 ஆனது. வேறொரு கம்பெனியில் என்னுடைய பழைய மர டிசைன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்தம் போடும் மெத்தட், அதாவது அந்த ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் பகுதி, தாய் கிளாஸில் ஒன்று இருந்தது, அதில் மாற்றினேன். ஆனால் வருடக்கணக்கில் அங்கங்கே வந்த சின்னச் சின்ன தேவைக்காக நாலு பிள்ளை கிளாஸில் அதை ஓவர்ரைடு செய்து, அதாவது தாயுடையதற்குப் பதிலாக அங்கேயே வேறு எழுதி, விகிதத்தையும் அங்கேயே எழுதி வைத்திருந்தேன். மூன்றைக் கண்டுபிடித்து மாற்றினேன், நாலாவது செக்கிங் கிளாஸில் இருந்தது. செக்கிங் ஆட்களுக்கு மட்டும் மூன்று வாரம் பழைய விகிதத்திலேயே பிடித்தம் போனது. ஆளுக்குச் சில ரூபாய்தான், திருப்பிக் கொடுத்தாயிற்று. சில ரூபாய் என்பதால்தான் மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. 'திரும்ப எழுத வேண்டியதில்லை' என்று உங்கள் பாடம் சொல்கிற அதே வசதிதான் ஒரே விஷயத்தை ஐந்து இடத்தில் எழுத வைத்தது. பிடித்தக் கணக்கைத் தனி ஆப்ஜெக்டாக வெளியே எடுத்து எல்லோரும் அதையே கேட்கும்படி வைத்திருந்தால் அன்று ஒரே இடத்தில் மாற்றியிருப்பேன்.

இப்போது அந்த அப்பா சொத்து விஷயத்துக்கு வருகிறேன். மகன் என்பவன் அப்பாவில் ஒரு வகை கிடையாது. அப்பாவைக் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மகன் போய் நின்று அப்பா செய்த அத்தனையும் அப்படியே செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் பிள்ளை கிளாஸிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். பார்பரா லிஸ்கோவ் 1987-ல் ஒரு மாநாட்டு உரையில் இதைச் சொன்னார், பின்னாளில் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2008-க்காக வாங்கிய அம்மையார் அவர். அவர் சொன்னதைத் தமிழில் சுருக்கினால், தாய் வகையை நம்பி எழுதிய புரோகிராமில் பிள்ளை வகையைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்த புரோகிராம் மாறாமல் நடக்க வேண்டும். ஆக, இன்ஹெரிட்டன்ஸ் என்பது நீங்கள் மற்றவர்களுக்குக் கொடுக்கிற வாக்கு. டைப் அடிக்கிற வேலை மிச்சமாவது அதோடு கூட வருகிற ஒன்று, அவ்வளவுதான். சொத்து என்று சொன்னதும் பிள்ளைகள் நமக்கு என்ன வரும் என்று மட்டும் பார்க்கிறார்கள், என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

நான் அந்த வாக்கைக் காப்பாற்றாமல் விட்டதற்கும் ஒரு உதாரணம் உண்டு. மொத்த லாட்டையும் பேசித் தைத்துக் கொடுக்கும் காண்ட்ராக்ட்காரருக்கும் பெயர், போன், பேங்க் கணக்கு எல்லாம் வேண்டுமே என்று அவரையும் தொழிலாளிக்குப் பிள்ளையாக்கினேன். அவருக்கு பிஎஃப் கிடையாது. அதனால் பிஎஃப் மெத்தட் அவரிடம் கேட்கப்பட்டால் 'இது இங்கே பொருந்தாது' என்று எர்ரர் வீசும்படி எழுதினேன். மாதக் கடைசியில் எல்லாத் தொழிலாளிகளையும் வரிசையாக எடுத்து பிஎஃப் 12 சதவீதம் போடுகிற இடத்தில் காண்ட்ராக்ட்காரர் முறை வந்ததும் புரோகிராம் நின்றது, அவருக்குப் பின்னால் இருந்த எண்பது பேருடைய கணக்கும் நின்றது. பெயரும் போனும் பொதுவாக இருக்கிறது என்றால் அதை 'தொடர்பு விவரம்' என்று ஒரு தனி கிளாஸாக எடுத்து இருவருக்குள்ளும் வைத்திருந்தால் போதும். பொதுவாக நாலு விவரம் இருப்பதாலேயே இருவர் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள்.

இது என்னைப் போன்ற சின்ன ஆட்கள் மட்டும் செய்த தப்பு அல்ல. 1996-ல் வந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே 'ஸ்டாக்' என்ற கிளாஸை 'வெக்டர்' என்ற கிளாஸின் பிள்ளையாக வைத்தார்கள். கட்டிங் மேசையிலிருந்து வந்த பண்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம், வைப்பதும் மேலே, எடுப்பதும் மேலே, ஸ்டாக் என்றால் அதுதான். வெக்டர் என்பது எந்த இடத்திலும் செருகலாம், எங்கிருந்தும் உருவலாம் என்கிற பட்டியல். ஸ்டாக் அதன் பிள்ளையானதால் அடுக்கின் நடுவில் போய் ஒன்றைச் செருகுகிற மெத்தடும் அதனிடம் வந்து உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல ஸ்டாக்கால் முடியாது. ஸ்டாக்குக்குள் ஒரு வெக்டரை வைத்து மறைத்து, வைப்பது எடுப்பது இரண்டை மட்டும் வெளியே காட்டியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. 2006-ல் ஜாவா 6-ல் 'டெக்' என்று, இரண்டு முனையிலும் வைக்கவும் எடுக்கவும் முடிகிற ஒன்று வந்தது, இப்போது ஸ்டாக்கின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே இதற்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனாலும் ஸ்டாக்கை எடுக்க முடியவில்லை, உலகம் பூராவும் அதை நம்பி புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அவசரத்தில் போட்ட தாய் பிள்ளை உறவு முப்பது வருடமாக அறுக்க முடியாமல் கிடக்கிறது.

வீட்டிலேயே மாணவர்கள் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன், ஜோஷுவா பிளாக் 2001-ல் தன் ஜாவா புத்தகத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியவந்த உதாரணம் இது. பொருள்களைப் போட்டு வைக்கும் ஜாவாவின் 'ஹாஷ்செட்' கிளாஸுக்கு ஒரு பிள்ளை எழுதுங்கள். எத்தனை பொருள் உள்ளே போடப்பட்டது என்று எண்ண வேண்டும். ஒன்று போடும் மெத்தடை ஓவர்ரைடு செய்து எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுங்கள். மொத்தமாகப் போடும் மெத்தடை ஓவர்ரைடு செய்து எத்தனை வந்ததோ அத்தனையைக் கூட்டுங்கள். இரண்டிலும் கடைசியில் தாயின் மெத்தடைக் கூப்பிடுங்கள். இப்போது மூன்று பொருளை மொத்தமாகப் போட்டுவிட்டு எண்ணிக்கையைக் கேளுங்கள். ஆறு என்று வரும். ஏனென்றால் மொத்தமாகப் போடும் தாய் மெத்தட் உள்ளுக்குள் ஒவ்வொன்றாகப் போடும் மெத்தடைத்தான் கூப்பிடுகிறது, அது உங்கள் ஓவர்ரைடுக்கு வந்து மறுபடி எண்ணிவிடுகிறது. நீங்கள் எழுதிய ஒரு வரியிலும் தப்பு இல்லை. தாய் கிளாஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமல் பிள்ளை கிளாஸைச் சரியாக எழுத முடியாது, நாளைக்குத் தாய் கிளாஸை எழுதியவர்கள் உள்ளே மாற்றினால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே உங்கள் கணக்கு மாறும். உங்கள் இணைப்பில் இந்த ஒரு பயிற்சியைப் போட்டால் போதும், பத்துப் பக்க விளக்கம் தேவைப்படாது.

எங்கள் தோட்டம் பல்லடம் பக்கம். சின்ன வயதில் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின், அதிலிருந்து பெல்ட், அந்தப் பக்கம் பம்பு. கரண்ட் சர்வீஸ் கிடைத்ததும் அப்பா இன்ஜினை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே பம்புக்கு மோட்டாரை மாட்டினார். கரண்ட் நாலு நாள் இல்லை என்றால் மறுபடி இன்ஜின். பம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான், யாரோ ஷாஃப்ட்டைச் சுற்றிவிட வேண்டும், சுற்றுவது டீசலா கரண்டா என்று அதற்குக் கவலையில்லை. கூலி முறைக்கு நான் வைத்த இன்டர்ஃபேஸும் அதேதான். பிறகு மோனோபிளாக் வாங்கினோம். மோட்டாரின் ஷாஃப்ட்டிலேயே இம்பெல்லரை மாட்டி, இரண்டும் ஒரே உடம்பாக வருவது. கோயமுத்தூரில் பம்புசெட் செய்கிறவர்கள் நிறையப் பேர் செய்கிறார்கள், நல்ல பொருள். பெல்ட் நழுவுவது இல்லை, கப்ளிங் புஷ் தேய்வது இல்லை, நேராக இருக்கிறதா என்று அலைன்மென்ட் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மோட்டாரில் காயில் எரிந்த அன்றைக்கு பம்பும் சேர்ந்து ரீவைண்டிங் கடைக்குப் போகும், ஆயில் இன்ஜினை மாட்டி ஓட்டலாம் என்றால் மாட்ட இடமே கிடையாது. என் மகளுக்கு இதைச் சொல்லித்தான் புரிய வைத்தேன், தோட்டத்துக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டும் வந்தாள்.

மோனோபிளாக்கை நல்ல பொருள் என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். இன்ஹெரிட்டன்ஸே கூடாது என்பது என் வாதம் அல்ல. இரண்டும் தனித்தனியாக மாறப்போவதே இல்லை என்று தெரிந்த இடத்தில் அது சுத்தமாக வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டில் 'பட்டன்' என்பது 'டெக்ஸ்ட்வியூ'வின் பிள்ளை, டெக்ஸ்ட்வியூ 'வியூ'வின் பிள்ளை. பட்டன் எப்போதும் எழுத்து காட்டுகிற ஒரு பொருள்தான், மத்தியானத்துக்கு மேல் வேறாகப் போவதில்லை, திரையில் எதை வைக்கச் சொன்னாலும் வியூ என்று நம்பி வைக்கலாம். எர்ரர் வகைகளை மரமாக வைப்பதும் அப்படித்தான், 'ஃபைல் கிடைக்கவில்லை' என்பது என்றைக்கும் 'ஃபைல் சம்பந்தப்பட்ட எர்ரர்'தான். என் மென்பொருளிலேயே எல்லா ரிப்போர்ட்டுக்கும் ஒரு தாய் கிளாஸ் இருக்கிறது, தலைப்பு, பக்க எண், கடைசியில் கூட்டுத்தொகை என்று வரிசையை அது வைத்துக்கொள்ளும், நடுவில் என்ன அச்சடிப்பது என்பதை மட்டும் பிள்ளைகள் எழுதும். பதினொரு வருடமாகத் தொந்தரவு இல்லை. தாயும் பிள்ளையும் என் கையிலேயே இருக்கிறது, ஒரே மட்டம்தான் ஆழம், பிள்ளைகள் எங்கே கை வைக்கலாம் என்று தாய் கிளாஸிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் தாங்குகிறது.

கம்போசிஷனுக்கும் செலவு உண்டு, அதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. சின்னச் சின்ன கிளாஸ்கள் நிறைய ஆகும், புதிதாக வருகிறவர் எது எதைக் கூப்பிடுகிறது என்று தேடித்தான் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கிற ஆப்ஜெக்டுக்கு வேலையைத் தள்ளிவிடுவதற்கென்றே ஒரு வரி மெத்தடுகள் பத்துப் பதினைந்து எழுத வேண்டியிருக்கும், கோட்லின் மொழியில் அந்த எழுத்து வேலைக்கு 'பை' என்று ஒரே ஒரு சொல் வைத்து மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு பையன் இதைப் படித்த உற்சாகத்தில் வரித் தொகையை ரவுண்டு பண்ணுவதற்குக்கூட இன்டர்ஃபேஸ் போட்டு மூன்று ஃபைல் எழுதி வைத்தான். அது தேவையில்லை என்று உட்கார வைத்துப் பேச வேண்டியிருந்தது. மாறும் என்று தெரிந்த இடத்தில்தான் கழற்றி மாட்டுகிற இணைப்பு வைக்க வேண்டும்.

இன்ஹெரிட்டன்ஸ் பிறந்த கதையை உங்கள் பாடத்தில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம். நார்வேயில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் சிமுலா 67 மொழியில் இதைக் கொண்டுவந்தார்கள், 2001-க்கான டூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. நிஜ உலகத்தில் நடப்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் வேலைக்காகச் செய்தது. அதற்குப் பிறகு 1994-ல் காமா, ஹெல்ம், ஜான்சன், வ்லிஸைட்ஸ் என்ற நால்வர் டிசைன் பேட்டர்ன் பற்றி எழுதிய புத்தகத்தில், கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸைவிட ஆப்ஜெக்ட் கம்போசிஷனுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். 2009-ல் வெளிவந்த கோ மொழியில் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது, 2015-ல் முதல் பதிப்பு வந்த ரஸ்ட்டிலும் கிடையாது. கோட்லினில் ஒரு கிளாஸை இன்ஹெரிட் பண்ணலாம் என்று எழுதியவரே வெளிப்படையாகத் திறந்து வைத்தால்தான் முடியும், இல்லையென்றால் பூட்டியேதான் இருக்கும். நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற இடத்தில் இந்த மொழிகளும் இருக்கின்றன. இங்கே நாம் இன்னும் அப்பா, மகன், சொத்து என்று சொல்லிக்கொண்டிருந்தால் அங்கே போய் முழிப்பது அவர்கள்தான். கொங்கு நாட்டுக் கல்லூரிகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு உங்கள் இணைப்பில் வருவதுதான் பாடம். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

என் வேண்டுகோள் இரண்டு. ஆசிரியர்கள் பயிற்சிக் கணக்கு கொடுக்கும்போது ஒரே நாளில் முடித்து மார்க் போட்டுவிடாதீர்கள். முதல் வாரம் ஒரு கணக்கைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அடுத்த வாரம் அதே புரோகிராமில் ஒரு மாற்றம் கேளுங்கள், ஓவர்லாக் ஆள் செக்கிங் போகிறார் என்றோ விகிதம் மாறிவிட்டது என்றோ. எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது என்பதற்கு மார்க் போடுங்கள். முதல் வாரத்தில் எல்லா டிசைனும் ஓடத்தான் செய்யும், நான் 2009-ல் எழுதியதும் ஓடியது. இரண்டாவது, அடுத்த வாரம் பாலிமார்பிசம் (ஒரே வேலையைக் கேட்டால் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் விதத்தில் செய்வது) வரும் என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விலங்கு, நாய், பூனை என்று ஆரம்பிக்க வேண்டாம். நாய் என்றைக்கும் பூனையாக மாறாது, அதனால் அந்த உதாரணத்தில் எந்த மரமும் சரியாகத்தான் தெரியும்.

வேலை கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் இன்ஹெரிட்டன்ஸ் என்றால் என்ன என்று நான் கேட்பதில்லை. ஒரு தாளைக் கொடுத்து, காலையில் ஓவர்லாக்கில் 310 பீஸ், மத்தியானத்துக்கு மேல் அரை ஷிப்ட் செக்கிங், சம்பளக் கவர் ஒன்றுதான் வர வேண்டும், எழுதுங்கள் என்கிறேன். எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் "இவங்க நாளைக்கு எங்கே உட்காருவாங்க சார்?" என்று போன மாதம் ஒரு பெண் கேட்டார், தாராபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
மென்பொருள் எழுதும் ஒரு வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.